சிபியு கேஷ் அளவை எங்கே பார்ப்பது, அந்த எண்ணை எப்படிப் படிப்பது

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தட்டினால் எல்1, எல்2, எல்3 மூன்றும் கீழே தெரியும். கேஷ் என்பது சிபியுவுக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்; இந்த மூன்றும் அதன் அடுக்குகள் (லெவல்கள்), எல்1 மிகச் சிறியது, மிக வேகமானது. பலர் அந்த எல்1 எண்ணை ஒரு கோருக்கு (சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதிக்கு) உரியது என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது எல்லா கோர்களுக்கும் சேர்த்த கூட்டுத்தொகை, அதிலும் டேட்டா கேஷும் இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷும் கலந்தே இருக்கும். உங்கள் ப்ரோக்ராமில் உள்ள அரே (வரிசையாக அடுக்கிய டேட்டா) ஒரு கோரின் கேஷுக்குள் அடங்குமா என்று கணக்குப் போட அது உதவாது.

லினக்ஸில் விவரம் முழுசாகக் கிடைக்கும். டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று அடியுங்கள். புதிய பதிப்புகளில் இதுவும் மொத்தத்தைத்தான் காட்டுகிறது, பழையவற்றில் ஒரு கேஷின் அளவு மட்டும் வரும். அதனால் பின்னால் ஒரு மைனஸும் பெரிய எழுத்து சி-யும் சேர்த்து அடிப்பதே நல்லது, ஒன்றின் அளவு தனியாகவும் மொத்தம் தனியாகவும் வந்துவிடும்.

இன்னும் உள்ளே போக வேண்டுமா? சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியு, சிபியு0, கேஷ் என்று ஃபோல்டர் ஃபோல்டராக இறங்குங்கள். அங்கே இண்டெக்ஸ்0, இண்டெக்ஸ்1 என்று இருக்கும். அந்த எண் கேஷின் லெவல் இல்லை, இதைக் கவனமாகப் பாருங்கள். இண்டெக்ஸ்1 பெரும்பாலும் எல்1 இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷ்தான், எல்2 அதற்கு அடுத்ததில் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் உள்ள லெவல், டைப் என்ற இரண்டு ஃபைல்களைப் படித்தால்தான் உறுதியாகத் தெரியும். கூடவே செட் எண்ணிக்கை, வே எண்ணிக்கை (ஒரு செட்டில் எத்தனை லைன்), லைன் அளவு (கேஷ் ஒரே தடவையில் எடுத்து வரும் துண்டு) மூன்றும் இருக்கும்: 64 செட், 8 வே, 64 பைட் லைன் என்றால் பெருக்கிப் பாருங்கள், 32768 பைட், அதாவது 32 கேபி. எந்தெந்த சிபியுக்கள் அந்தக் கேஷைப் பங்கிடுகின்றன என்று சொல்லும் பட்டியலும் அங்கேயே உண்டு, எனக்கு அளவைவிட முக்கியமாகப் படுவது அதுதான்.

ப்ராக் ஃபோல்டரின் சிபியுஇன்ஃபோவை இதற்கு நம்ப வேண்டாம். ஒரே ஒரு கேஷ் சைஸ் வரிதான் இருக்கும், இன்டெலில் அது பொதுவாக எல்3, ஏஎம்டியில் எல்2.

மேக்கில் சிஸ்சிடிஎல் கமாண்ட். ஆப்பிள் சிலிக்கானில் வேகக் கோர்களுக்கும் சிக்கனக் கோர்களுக்கும் கேஷ் வேறு வேறு என்பதால் பெர்ஃப்லெவல்0, பெர்ஃப்லெவல்1 என்று தொடங்கும் பெயர்களைக் கேளுங்கள்: எம்1-இல் எல்2 முதலாவதற்கு 12 எம்பி, இரண்டாவதற்கு 4 எம்பி. கேஷ் லைன் அளவும் அங்கே 128 பைட் என்றுதான் வரும், ஆகவே கோடில் 64 என்று நேரடியாக எழுதி வைத்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.