ஊழியர் தகவல்: கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது

சிறிய, நடுத்தர நிறுவனங்களில் ஊழியர்களின் தனியுரிமை பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "அந்தச் சட்டம் 2027-லதானே வருது" என்பது ஒன்று. "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்லயே கையெழுத்து வாங்கிட்டோம் சார்" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு.

முதலில் தேதிக் கணக்கு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அங்கிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகின்றன. ஆனால் அதுவரை ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் 2011-ம் ஆண்டு விதிகளும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. கைரேகை, மருத்துவ விவரம், வங்கிக் கணக்கு போன்றவற்றை வாங்க எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும் என்கின்றன அவை. பாதுகாப்பில் அலட்சியம் காட்டி அதனால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால் இழப்பீடும் தர வேண்டும். விரல் வைத்து வருகை பதியும் எத்தனை கம்பெனிகளில் அந்த ஒப்புதல் கடிதம் ஃபைலில் இருக்கிறது?

அடுத்து, அந்தக் கையெழுத்து. "என் தகவல்களை நிறுவனம் எந்தத் தேவைக்கும் பயன்படுத்தலாம்" என்று நியமனக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். புதிய சட்டப்படி ஒப்புதல் தானாக முன்வந்து, இன்ன காரியத்துக்கு என்று தெரிந்து, நிபந்தனையில்லாமல் தந்ததாக இருக்க வேண்டும். தந்த அதே சுலபத்தில் அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் வேலையே கிடைக்காது என்ற நிலையில் போட்டதை நிபந்தனையில்லாத ஒப்புதல் என்று வாதாடுவது கஷ்டம். தவிர, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்து, தையல் பிரிவில் வேலை பார்ப்பவரிடம் கையெழுத்து வாங்குவது போதாது.

உண்மையில், அன்றாட வேலைகள் பலவற்றுக்கு ஒப்புதலே தேவையில்லை. வேலை தொடர்பான நோக்கங்களுக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும், ஊழியர் கேட்ட சலுகையைத் தரவும் தகவலைக் கையாளலாம் என்று புதிய சட்டத்தின் 7-வது பிரிவு இடம் தருகிறது. சம்பளம் போடவும் பிஎஃப் கட்டவும் கையெழுத்துக்காக அலைய வேண்டாம்.

இங்கேதான் பெரிய தவறு பிறக்கிறது. "வேலை தொடர்பானது" என்ற வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் திணித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதியின் சொந்த போனில் ஒரு ஆப் ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை எந்தக் கடைக்குப் போனார் என்று பார்ப்பது வேலை சம்பந்தப்பட்டது. ராத்திரி பத்து மணிக்கு எங்கே இருக்கிறார் என்பது இல்லை. அந்த ஆப் போனிலுள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் திறந்து பார்க்க அனுமதி கேட்டால் அதுவும் இல்லை. சட்டமே ஒரு உதாரணம் தருகிறது: மருத்துவ ஆலோசனை ஆப் ஒன்று நோயாளியின் போனிலுள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, அவரும் சரி என்று அழுத்தினாலும், அந்த ஒப்புதல் மருத்துவ ஆலோசனைக்கு மட்டுமே பொருந்தும். தேவைக்கு மேல் கேட்டது கணக்கில் வராது. ஒப்புதலுக்கே இந்த வரம்பு என்றால், ஒப்புதல் கேட்காமல் எடுப்பதற்கு அதைவிடத் தாராளம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சட்ட விஷயத்தில் கவனமாக இருக்கும் கம்பெனிகளும் கோட்டைவிடும் இடம் வாட்ஸ்அப். யார் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்ற எக்ஸல் ஷீட், லீவு கேட்டவரின் டாக்டர் சர்டிபிகேட், புதிதாகச் சேர்ந்தவரின் ஆதார் போட்டோ எல்லாம் ஒரே குரூப்பில் கிடக்கும். காகிதத்தில் மட்டும் இருக்கும் பதிவேட்டுக்குப் புதிய சட்டம் பொருந்தாது. அதைப் போனில் படமெடுத்த நொடியில் பொருந்தும். பிஎஃப் கணக்குக்கு ஆதார் எண் வேண்டும், சரி. வெறும் அடையாளத்துக்கு என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் நகல் போதுமே!

உடல்நலத் தகவலில் இன்னும் கவனம் தேவை. வேலை தர எச்ஐவி பரிசோதனையை நிபந்தனையாக்குவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பாலியல் தொல்லைப் புகார் விசாரணையில் புகார் தந்த பெண்ணின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மறுநாளே கேன்டீனில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் அலுவலகங்கள் இதைப் படிக்க வேண்டும். உடை மாற்றும் அறையில் கேமரா வைப்பது தனியுரிமைப் பிரச்சினையோடு நிற்காது, அது ஜெயில் வரை போகும் குற்றம்.

சம்பளக் கணக்கை வெளியே கொடுத்துவிட்டால் பொறுப்பும் வெளியே போய்விடும் என்பது இன்னொரு நினைப்பு. போகாது. அந்த ஆபீஸ் தவறு செய்தாலும் சட்டம் உங்களைத்தான் கேட்கும். ஆகவே பாதுகாப்பு நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வாகாதவர்களின் பயோடேட்டாவும் இப்படித்தான்: உங்களிடம் வேலை கேட்டு அனுப்பியதைத் தெரிந்த கன்சல்டன்சிக்குத் தள்ளிவிடுவது வேறு நோக்கம், அதற்கு அவர் ஒப்புதல் தரவில்லை. வேலையை விட்டுப் போனவர்களின் தகவலில் வரி, பிஎஃப் சட்டங்கள் வைத்திருக்கச் சொல்வதை வைத்திருங்கள். மற்றதை, விதிகள் வைத்திருக்கச் சொல்லும் காலம் முடிந்ததும் அழித்துவிடலாம்.

அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது உச்சவரம்பு. தவறின் தன்மை, எந்த வகைத் தகவல் பாதிக்கப்பட்டது, பாதிப்பைக் குறைக்க நிறுவனம் என்ன செய்தது என்பதையெல்லாம் பார்த்துத்தான், இந்தச் சட்டத்தின்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்ட ஊழியருக்குப் போகாது. புதிய சட்டம் முழுமையாக அமலுக்கு வரும்போது பழைய 43ஏ பிரிவு நீங்கும்; அதோடு அவருடைய இழப்பீட்டு வழியும் சேர்ந்தே போகிறது. இது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்பேன்.

தகவல் கசிவை மறைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. சம்பளப் பட்டியல் தவறுதலாக எல்லோருக்கும் மெயிலில் போய்விட்டாலும் அது கசிவுதான். சின்னது பெரியது என்ற பேதம் சட்டத்தில் இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கும் வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு முழு விவரம் போக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதற்குத் தனியாக 200 கோடி வரை அபராதம். எனவே தவறாக மெயில் அனுப்பிய ஊழியர், திட்டு விழுமே என்று பயப்படாமல் அந்த நிமிஷமே யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்து, அவர் பெயரையும் நம்பரையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.