பழைய கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங்: எதை இறக்குவது?

காரைக்குடி வீட்டில் ஆச்சி கந்தரப்பம் சுடுவதை என் போனில் 4கே என்ற மிகக் கூர்மையான, பெரிய அளவு வீடியோவாக எடுத்தேன். மாவு எண்ணெயில் விழுந்து, ஓரம் சிவந்து உப்பி வரும் அந்த ஒரு நிமிடம் மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் ஓடவிட்டால், படம் விட்டுவிட்டு நின்றது.

இலவசம் என்றதும் பலரும் டாவின்சி ரிசால்வ் பக்கம் போகிறார்கள். அருமையான மென்பொருள்தான். ஆனால் அதற்கு 16 ஜிபி ரேமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். தொடங்கும்போதே அதில் மாட்டிக்கொண்டால் ஆசையே போய்விடும்.

என் தேர்வு ஷாட்கட். பணம் கட்ட வேண்டாம், வீடியோவின் மேல் வாட்டர்மார்க் என்ற முத்திரை விழாது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். சாதாரண எச்டி வீடியோவுக்கு 8 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி.

4 ஜிபிதான் இருக்கிறதா? சரி, செட்டிங்ஸில் ப்ராக்ஸியை ஆன் செய்யுங்கள். பெரிய வீடியோவுக்கு ஒரு சின்ன நகல் எடுத்து, வெட்டி ஒட்டும் வேலைக்கு அதைக் காட்டும். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மூல வீடியோவையே எடுத்துக்கொள்ளும், அதனால் தரம் குறையாது. நகல் தயாராகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள்.

அப்புறம், அடுத்த முறை போனில் 4கே-க்குப் பதில் 1080பி, அதாவது சாதாரண எச்டி வைத்தே எடுங்கள். இறக்குவதும் ஷாட்கட்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இருக்கட்டும்.