எக்ஸ்எஸ்எல்டி வெளியீட்டில் வெற்று எக்ஸ்எம்எல்என்எஸ் ஏன் வருகிறது?

எக்ஸ்எம்எல் தரவை எக்ஸ்எஸ்எல்டி என்ற உருமாற்ற மொழி மூலம் எஸ்விஜி படமாக மாற்றுகிறீர்கள். பிழைச் செய்தி எதுவும் இல்லை, கோப்பும் வந்துவிட்டது. ஆனால் பிரவுசரில் திறந்தால் வெறும் வெள்ளை. கோப்பின் உள்ளே இப்படி இருக்கும். (குறிச்சொற்களை ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன், நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

<எஸ்விஜி எக்ஸ்எம்எல்என்எஸ்="எஸ்விஜி முகவரி">
  <ரெக்ட் எக்ஸ்எம்எல்என்எஸ்=""/>
</எஸ்விஜி>

அந்த வெற்று மேற்கோளைத் தேடி அழிப்பதில் பயனில்லை, அடுத்த முறை ஓட்டினால் திரும்ப வரும். ஓர் எலிமெண்ட் (குறிச்சொல்) எந்த நேம்ஸ்பேஸை, அதாவது எந்தப் பெயர்க் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஒரு முகவரியால் அறிவிப்பதுதான் எக்ஸ்எம்எல்என்எஸ். நீங்கள் ரெக்டை எந்த நேம்ஸ்பேஸிலும் சேர்க்காமல் உருவாக்கச் சொல்லியிருக்கிறீர்கள். எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் பிராசசர் அதை ஒளிக்காமல் எழுதிவிட்டது, அவ்வளவுதான். எஸ்விஜி நேம்ஸ்பேஸில் இல்லாத ரெக்டை பிரவுசர் செவ்வகமாக வரையாது.

படி 1: அறிவிப்பை மேலே ஏற்றுங்கள்

ஸ்டைல்ஷீட்டில் (உங்கள் எக்ஸ்எஸ்எல்டி கோப்பில்) நேரடியாக எழுதும் எலிமெண்ட், வெளியீட்டில் எதற்குள் போய் உட்காருகிறதோ அதன் நேம்ஸ்பேஸை எடுத்துக்கொள்வதில்லை. குடிபோன வீட்டுக்காரர் பெயர் நமக்கு இனிஷியலாக வருமா என்ன? ஸ்டைல்ஷீட்டில் அது எழுதப்பட்ட இடத்தில் எந்த அறிவிப்பு நடப்பில் இருக்கிறதோ, அதுதான் கணக்கு. எஸ்விஜி குறிச்சொல்லில் மட்டும் அறிவித்துவிட்டு, ரெக்டை வேறொரு டெம்ப்ளேட்டில் (மாற்று விதியில்) எழுதினால் அந்த அறிவிப்பு அங்கே எட்டாது.

எனவே எக்ஸ்எம்எல்என்எஸ் அறிவிப்பை ஸ்டைல்ஷீட்டின் வேர் எலிமெண்டிலேயே வையுங்கள். இன்க்ளூட் அல்லது இம்போர்ட் செய்யும் கோப்புகள் இருந்தால், ஒவ்வொன்றின் வேரிலும் தனித்தனியாக வைக்க வேண்டும். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். எக்ஸ்எஸ்எல்:ஆட்ரிபியூட் போட்டு எக்ஸ்எம்எல்என்எஸை ஒட்டவைக்கலாம் என்று தோன்றும். விதிப்படி அது பிழை.

படி 2: நகலெடுத்த எலிமெண்டுகளைக் கவனியுங்கள்

எக்ஸ்எஸ்எல்:காப்பி, எக்ஸ்எஸ்எல்:காப்பி-ஆஃப் கட்டளைகள் இரண்டும் மூல எலிமெண்டை அதன் பழைய நேம்ஸ்பேஸோடுதான் கொண்டுவரும். மூலத்தில் நேம்ஸ்பேஸ் இல்லையென்றால் அதே வெற்று மேற்கோள் மறுபடி முளைக்கும். அப்போது எல்லா எலிமெண்டுக்கும் பொருந்தும் ஒரு டெம்ப்ளேட் எழுதி, அதில் எக்ஸ்எஸ்எல்:எலிமெண்ட் மூலம் புதிதாக உருவாக்குங்கள். நேம் பண்பில், நெளிவு அடைப்புக்குள், லோக்கல்-நேம் ஃபங்ஷன். நேம்ஸ்பேஸ் பண்பில் எஸ்விஜி முகவரி. அப்புறம் ஆட்ரிபியூட்களைக் காப்பி-ஆஃப் செய்து, உள்ளிருப்பவற்றுக்கு அப்ளை-டெம்ப்ளேட்ஸ்.

படி 3: படிக்கும் பக்கம் வேறு

வேரில் முன்னொட்டு இல்லாமல் வைத்த இயல்பு நேம்ஸ்பேஸ், மூலத்தில் எலிமெண்டுகளைத் தேடும் எக்ஸ்பாத்துக்குப் பொருந்தாது. 1999இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0இல், முன்னொட்டு இல்லாத பெயர் என்றால் நேம்ஸ்பேஸ் இல்லாத எலிமெண்ட் என்றே பொருள். மூலக் கோப்பு ஏதாவது நேம்ஸ்பேஸில் இருந்தால், ஒரு முன்னொட்டை அறிவித்து மேட்ச், செலக்ட் எல்லாவற்றிலும் அதைச் சேர்த்து எழுதுங்கள். 2007இன் 2.0 முதல் எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ் என்ற பண்பு இந்தச் சுமையைக் குறைக்கிறது. பிரவுசரோடு வரும் எக்ஸ்எஸ்எல்டி வசதியில் ஓட்டுவதானால் 1.0தான் கதி.

படி 4: மிச்சக் குப்பை

அந்த முன்னொட்டு தேவையில்லாமல் வெளியீட்டிலும் தலைகாட்டினால், வேரில் எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-பிரிஃபிக்ஸஸ் பண்பில் அதன் பெயரைக் கொடுங்கள். வெற்று எக்ஸ்எம்எல்என்எஸை அது நீக்காது. அதற்கு முதல் இரண்டு படிகள்தான் வழி.