சுங்கை சிப்புட்டுக்கு வந்திருக்கும் ஈழத் தமிழருக்கு: அகதி நேர்காணலுக்குப் போகுமுன்

உங்களை விசாரிக்கப்போவது மலேசியக் குடிநுழைவு அதிகாரி இல்லை. மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. இங்கே அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. விசாரித்து முடிவு சொல்வது கோலாலம்பூரில் இருக்கும் யூ.என்.எச்.சி.ஆர்., அதாவது ஐ.நா. அகதிகள் அமைப்பின் அலுவலகம். அங்கே எதற்கும் கட்டணம் கிடையாது. "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று தோட்டத்துக்குள் வந்து காசு கேட்பவரிடம் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். அவர் எழுதித் தரும் கதையும் வேண்டாம். நாலாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும், அப்புறம் உங்கள் உண்மையையும் சந்தேகப்படுவார்கள்.

மொழிபெயர்ப்பாளரை அவர்களே தருவார்கள். தமிழ்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஓர் அக்கா, "இயக்கம் வந்து அண்ணாவைக் கேட்டது" என்றார். மலேசியாவில் பிறந்த எங்களுக்கு இயக்கம் என்றால் ஊர்ப் பொதுச்சேவைச் சங்கம். அவர் புலிகளைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே நேரமாயிற்று. "பெடியள்" என்றாலும் அப்படித்தான், இங்கே பிறந்தவர்களுக்கு வெறும் பையன்கள். அதனால் யார், எந்தப் படை, எந்த ஊர் என்று விரித்துச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்காவிட்டால் உடனே சொல்லுங்கள், அது மரியாதைக் குறைவு இல்லை. பெண் அதிகாரி வேண்டும் என்றும் கேட்கலாம்.

தேதி மறந்திருந்தால் ஊகித்துச் சொல்ல வேண்டாம். தைப்பொங்கலுக்கு முன்பா, மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடமா, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகா என்று சொன்னால் போதும். ஊரில் வேலை இல்லை, கடன் இருக்கிறது என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது, திரும்பிப் போனால் உங்களுக்கு என்ன நடக்கும், யாரால், ஏன் என்பதைத்தான். இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, இவற்றால் வரும் ஆபத்தை முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை உங்கள் நாட்டு அரசாங்கத்திடம் கொடுக்க மாட்டார்கள். சித்திரவதையைப் பற்றிப் பேசும்போது தொண்டை அடைத்தால் நிறுத்தி, தண்ணீர் கேளுங்கள்.

அடையாள அட்டை, பாஸ்போர்ட், மருத்துவச் சீட்டு, எது இருக்கிறதோ அதன் அசலைக் கொண்டுபோங்கள். இல்லாததை வாங்கிச் சேர்க்காதீர்கள். காலையில் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். போன் நம்பரோ வீடோ மாறினால் அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் அழைப்பு பழைய நம்பருக்கே போய்க்கொண்டிருக்கும்.