சிசிசி மரக்குடிலில் இற்றுப்போன அடித்தடியைச் சீர்செய்வது எப்படி?

பெருமந்தக் காலத்தில் வேலையில்லா இளைஞர்களைச் சேர்த்து அமெரிக்க அரசு நடத்திய அமைப்பு சிவிலியன் கன்சர்வேஷன் கோர், சுருக்கமாக சிசிசி. 1933 முதல் 1942 வரை பல மாநிலப் பூங்காக்களில் அவர்கள் குடில்கள் கட்டினார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் பெரும்பாலும் வீட்டுக்கே போய்விடும். ஆள் நிறைய, இயந்திரம் குறைவு. அதனால் பக்கத்துக் காட்டுத் தடியையும் பாறையையும் கையாலேயே செதுக்கிப் பொருத்தினார்கள். அந்தக் கோடாரித் தழும்புகளைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு. அதனால் அடித்தடி, அதாவது கல் அடித்தளத்தின் மேல் கிடக்கும் சுவரின் முதல் தடி, இற்றுப்போனாலும் அதை முழுதாக மாற்றுவது கடைசி வழி.

குடில் வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்து, வேலைக்கு அமெரிக்க மத்திய அரசின் பணமோ அனுமதியோ தேவைப்பட்டால், 1966ஆம் ஆண்டு தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தைக் கலந்த பிறகே ரம்பத்தைத் தொட வேண்டும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதை அடைக்காமல் புதுக்கட்டை வைத்தால் அதுவும் இற்றுப்போகும். பல வருடச் சருகும் மண்ணும் சேர்ந்து தரைமட்டம் உயர்ந்து அடித்தடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து சுவரில் தெறிக்கும். மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் தடிமுனை இறவாணத்துக்கு வெளியே நனையும். வெட்டுமுகம் தண்ணீரைச் சரசரவென்று உறிஞ்சும். கல் அடித்தளத்தின் மேல்விளிம்பு தடியைவிட அகலமாக இருந்தால் அங்கேயும் நீர் தேங்கும்.

குத்தூசியால் ஓரடிக்கு ஓரிடமாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் அரை அங்குலத்துக்குள் ஊசியை நிறுத்தும். மேல்தோல் கெட்டியாக இருந்து உள்ளே பொத்தலாக இருப்பதும் உண்டு. சுத்தியலால் தட்டினால் தொப்தொப்பென்று கேட்கும். ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள்.

வெளிமுகம் மட்டும் கெட்டிருந்தால், கெட்டதைச் செதுக்கிவிட்டு அரைத்தடி ஒன்றை முகத்தில் ஒட்டவைத்தால் போதும். தடிமுனை மட்டும் போயிருந்தால் நல்ல மரம் வரும்வரை நறுக்கி, கண்ணாடியிழைக் கம்பியும் எப்பாக்ஸி என்ற பிசின் பசையும் கொண்டு புதுமுனையைச் சேர்க்கலாம். பாரம் தாங்கும் பகுதிக்கு எப்பாக்ஸியை நம்பக் கூடாது. ஈரம் காயாத கட்டையில் ஊற்றினால் அது மூடிபோட்டதுபோல் ஈரத்தை உள்ளே அடைத்து, பின்பக்கம் மீண்டும் இறும்.

அடித்தடியையே வெட்டி எடுக்க வேண்டுமென்றால் ஜாக்கி வேலை. சுவரின் உள்ளும் வெளியும் கனமான செங்குத்துச் சட்டங்களை வைத்து, மேல்தடிகளின் இடுக்கு வழியாக போல்ட் போட்டு இறுக்கி, அந்தச் சட்டங்களுக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். ஆயில் ஜாக்கி மெல்ல இறங்கிவிடும். திருகு ஜாக்கிதான் நிற்கும். பக்கத்திலேயே கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி முட்டுக்கொடுங்கள். தூக்குமுன் அந்தப் பகுதியில் தடிகளுக்கு இடையே அடைத்திருக்கும் இடுக்குப் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, ஜன்னல் சட்டத்தைத் தளர்த்துங்கள். முக்கியமாக, கணப்படுப்பின் கல் புகைபோக்கி சுவரோடு எழாது. சுவரும் அதுவும் சேரும் இடத்தில் உள்ள ஆணியையும் தகட்டையும் விடுவிக்காமல் தூக்கினால் கல்கட்டு பிளக்கும். கால் சுற்று திருகி, நின்று, சத்தம் கேளுங்கள். தடி விடுபட்டதும் நிறுத்திவிடுங்கள். கால் அங்குலமே பெரும்பாலும் போதும்.

புதுத்தடி அதே இன மரமாக, தோலுரித்து உலர்ந்ததாக, வைரம் பாய்ந்த பகுதி அதிகம் உள்ளதாக இருக்கட்டும். அப்பலாச்சியன் மலைப்பக்கத்துக் குடில்களில் நோயால் பட்டுப்போன அமெரிக்கச் செஸ்ட்நட் இருக்கலாம். அது இப்போது பழைய கட்டடங்களைப் பிரித்த கட்டையாகத்தான் கிடைக்கும். இணைப்பைப் பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வையுங்கள். படியும் முகம் வெளிப்பக்கம் சரியட்டும், தண்ணீர் வழிந்தோடும். மூலைப்பொருத்துக்கு அருகிலும் ஜன்னலுக்கு நேர்க்கீழும் இணைப்பு வரக் கூடாது. வெடிப்பு உள்ள பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். கல்லுக்கும் தடிக்கும் நடுவே ஈரம் ஏறாத தகடு ஒன்று போடுங்கள். மறையும் முகத்தில் ஆண்டைப் பொறித்துவிடுங்கள். அடுத்து வருபவர் புதிது எது, பழையது எது என்று குழம்ப மாட்டார். ஈரம் படக்கூடிய இடங்களில் துளையிட்டு, மரம் இறாமல் காக்கும் போரேட் உப்புக் குச்சி செருகி மூடலாம். அது ஈரத்தில்தான் கரைந்து பரவும். காய்ந்த கட்டையில் சும்மா கிடக்கும்.

கடைசியாக இடுக்குப் பூச்சு. அளவால் 16 பங்கு மணல், 4 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, 1 பங்கு சிமெண்ட், கொஞ்சம் பன்றிமயிர் அல்லது மரச்சுருள். பழைய பூச்சில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு மணலின் நிறத்தை ஒப்பிடுங்கள். சிமெண்டைக் கூட்டாதீர்கள், அது மரத்தோடு அசையாமல் விலகி, பின்னால் தண்ணீரைப் பிடித்துவைக்கும். துத்தநாகம் பூசிய ஆணிகளைக் கீழ்த்தடியின் மேல்முகத்தில் மட்டும் பாதி இறக்கி அடியுங்கள். அப்போது பூச்சு கீழ்த்தடியோடு நகரும்; விரிசல் விழுந்தாலும் மேல்தடியின் நிழலில், மழை படாத இடத்தில் விழும். பூச்சின் கீழ்விளிம்பு தடிமேல் திண்ணைபோல் நீளக் கூடாது. மரத்தை லேசாக நனைத்து, இரண்டு படையாகப் பூசி, சில நாள் ஈரச்சாக்கு போட்டு மூடிவையுங்கள். உறைபனி இரவுகள் தொடங்கிய பிறகு இந்த வேலை வேண்டாம். முதல் குளிர்காலம் முடிந்ததும் மேல்விளிம்பில் மயிரிழை இடைவெளி தெரிந்தால் விட்டுவிடலாம். புட்டிக் கத்தி நுழையும் அளவானால் அதே கலவையை வைத்து அடையுங்கள், சிலிக்கான் வேண்டாம்.