நேட்டாலுக்குக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களில் உங்கள் முன்னோர் இருந்தால், பெயரை வைத்துத் தேடாதீர்கள். முனுசாமிகளும் லட்சுமிகளும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே பெயர் பல விதமாக இருக்கும்.

தேட வேண்டியது 'காலனி எண்'. வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்தார்கள். நேட்டாலின் துறைமுக நகரான டர்பன் பக்கம் உறவினர் இருந்தால், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதில் இருக்கும்.

எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலுக்குப் போங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இதைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், ஏன், உடம்பில் இருந்த தழும்பு வரை அதில் உண்டு. முன்னும் பின்னும் உள்ள சில எண்களையும் அவசியம் பாருங்கள். சேர்ந்து வந்த மனைவி, குழந்தைகள், ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே பதிவாகியிருப்பார்கள்.

ஜில்லா பெயரை இன்றைய வரைபடத்தோடு அப்படியே பொருத்தாதீர்கள். அன்றைய வட ஆற்காட்டில் சித்தூரும் சேர்ந்திருந்தது. ஆகவே வேலூர், திருவண்ணாமலை பக்கம் கிராமம் அகப்படாவிட்டால் ஆந்திர எல்லைக்கு அப்பாலும் தேடுங்கள்.