கசந்த பு-எர் கைக்கு வந்த விதம்

சீனாவின் யுன்னானிலிருந்து நண்பர் கொண்டுவந்த 357 கிராம் பு-எர் தேயிலை, வட்டாக அழுத்திக் கட்டியது. ஷெங், அதாவது பச்சை வகை பு-எர். வழக்கமான டீ போலவே நினைத்து, கத்தியால் குத்தித் தூளாக்கி, கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டேன். வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி நாக்கு சுருண்டுபோனது.

தப்பு இலையில் இல்லை. அடுத்த முறை வட்டின் ஓரத்தில் ஊசியைச் செருகி, இலை நொறுங்காமல் அடுக்கடுக்காகப் பெயர்த்தேன். 5 கிராம் இலை, 100 மில்லி மூடிக்கிண்ணம். முதல் நீரை ஊற்றிய கையோடு வடித்துக் கொட்டிவிட்டேன். அப்புறம் 90 டிகிரிக்கு ஆறிய நீர், பத்தே விநாடி. கசப்பு எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தது போல் தொண்டையில் இனிப்பு ஊறியது. ஒவ்வொரு முறையும் சில விநாடி கூட்டிக் கூட்டி, அதே இலையில் எட்டு முறை குடித்தேன்.

ஷோ எனப்படும் கனிந்த வகை சாது. இலையை நனைத்துக் குவித்துப் புளிக்கவைக்கும் இந்த முறை 1970களில் யுன்னானில் உருவானது. கொதிநீரையே தாங்கும். மழை நனைத்த மண்வாசம், கருஞ்சிவப்பு நிறம். வீட்டுக்கு வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுக்கிறேன். பால் கேட்பார்கள், சரி, இரண்டாவது கோப்பையில் பார்க்கலாம் என்பேன்.